நடந்து வந்தால் லொறி இல்லை

என் மனைவிக்கு மூச்சிழுப்பு இருந்தது. கலியாணம் முடித்து வந்த முதல் வருடமே அது தெரிந்துவிட்டது. இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். காற்றுக்காலம் தொடங்கி, மூட்டம் லயத்து வாசல்வரை இறங்கினால் அவள் நெஞ்சில் விசில் கேட்கும். பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகள்; இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாது. அந்தப் பக்கத்துக் காம்பராக்காரரை அவள் அண்ணன் என்று கூப்பிடுவாள். அதனால் எனக்கு அவர் மச்சான்.

முதல் தடவை கடுமையாக வந்தபோது அவளை நடத்தியே டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். லயத்திலிருந்து கீழே ஒரு மைல் இறக்கம். ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் உட்கார்ந்து, தேயிலைச் செடியைப் பிடித்து எழுந்து வந்தாள். அங்கே வாசல் வாங்கில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காத்திருந்ததில் இழுப்பு கொஞ்சம் தணிந்துவிட்டது. அதன் பிறகுதான் டாக்டர் ஐயா கூப்பிட்டார். அவர் உண்மையில் டாக்டர் இல்லை, மருந்து கலந்து கொடுக்கப் படித்த யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லொறியில் ஏற வேண்டுமானால் அவர் துண்டுச் சீட்டு எழுதித் தர வேண்டும். மற்றப்படி, பஸ் பிடிக்கவே பல மைல் இறங்க வேண்டும்.

"எப்பிடி வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"நடந்துதாங்க ஐயா."

"நடந்து வந்தவளுக்கு என்னத்துக்கடா லொறி? அப்பிடியே மலைக்கு ஏறிக் கொழுந்தையும் எடுத்திட்டு வரலாமே."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவியும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்தது. வழியில் எத்தனை தடவை உட்கார்ந்தாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெரிய மனிதர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றதுதான் காரணம் என்று வெகுகாலம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னோடு நின்றவர்கள் துரையோடு வாதாடியிருக்கிறார்கள். காரணம் படிப்பு இல்லை. பயம்.

ஒரு போத்தல் மருந்தோடு திரும்பி வந்தோம்.

அடுத்த காற்றுக்காலத்தில் அவளால் எழுந்து நிற்கவே முடியவில்லை. மச்சான் கம்பளியை மூங்கிலில் தூளிபோலக் கட்டினார், நாலு பேர் தூக்கிப் போனோம். டாக்டர் ஐயா ஒரு கேள்விகூடக் கேட்காமல் துண்டு எழுதினார். லொறி வந்தது. மாத்தளையில் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் முகம் தெளிந்து திரும்பி வந்தாள்.

அன்றோடு லயத்தில் எல்லோருக்கும் ஒரு சட்டம் புரிந்துவிட்டது. நடந்து போனால் போத்தல், தூக்கிப் போனால் லொறி. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஆனால் எந்த வீட்டில் சுகமில்லை என்றாலும் அதே பேச்சுத்தான். அவசரப்பட்டுத் தூக்கிப் போய், "இறக்கி விடு, நடக்கிறாளோ பாப்பம்" என்று அவர் சொல்லிவிட்டால் தூக்கியவர்களுக்கும் அவமானம்.

தூக்கும் நேரம் வந்துவிட்டதா என்று அறிய ஒரு சோதனையும் வந்தது. லயத்துக்குக் கீழே தண்ணீர் பிடிக்கும் பீலி இருந்தது. அதுவரை போய்த் திரும்ப முடிந்தால் இன்னும் நேரமில்லை, முடியாவிட்டால் கம்பளி. அதை முதலில் சொன்னவள் என் மனைவிதான். மற்றவர்களுக்குக் கஷ்டம் கொடுக்கக் கூசுகிறவள். அதில் எனக்கு ஏற்ற சோடி.

இப்படிச் சில வருடங்கள் போயின. அந்தக் கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளே தொடங்கிய இழுப்பு விடியும்போது கூடியிருந்தது. கட்டிலில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டதற்கு, "வேணா" என்று மூச்சு வாங்கி, பிறகு "ங்க" என்றாள். ஒரு சொல்லை இரண்டாக உடைத்துத்தான் சொல்ல முடிந்தது.

மச்சானைக் கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்று பார்த்தார்.

"தூக்கிருவமா மச்சான்?" என்று கேட்டேன்.

"தூக்கலாம். ஆனா உக்காந்துதானே இருக்கு. ஞாயித்துக்கெழம வேற. வீட்டுல இருக்கிற மனுசன எழுப்பி, திருப்பி அனுப்பிட்டாருன்னா?"

அவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போய் வரட்டும், தெரிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

பீலியில் நின்ற பெண்கள், "என்னடி, கோச்சி வர்ற சத்தம் கேக்குது, எந்த ஸ்டேசனுக்குப் போவுது?" என்று கேலி செய்தது மேலே எங்களுக்குக் கேட்டது. அவள் குடம் நிரப்பாமல், வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். படியில் ஒரு கையை வைத்து ஏறினாள். ஆனால் வந்துவிட்டாள்.

"போய்ட்டு வந்துருச்சி" என்றார் மச்சான். "இன்னும் கொஞ்சம் பாப்போம்."

பார்த்தோம்.

மத்தியானம் விசில் குறைந்தது. பிறகு கேட்கவேயில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மச்சான், "அடங்கிருச்சி மச்சான்" என்றார். எனக்கும் ஒரு பாரம் இறங்கியது. அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். நெற்றி வேர்த்திருந்தது. தொண்டைக் குழி உள்ளே உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, களைத்துப்போய்த் தூங்குகிறாள் என்று விறகு உடைக்கப் போனேன்.

திரும்பி வந்து கூப்பிட்டபோது கண்ணைத் திறந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது. கம்பளி கட்டினோம், ஓடினோம். டிஸ்பென்சரி வாங்கில் இறக்கியபோது மூச்சு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது.

டாக்டர் ஐயா வீட்டுச் சாரத்தோடே ஓடி வந்தார். ஊசி போட்டார். நெஞ்சை அழுத்தினார். துண்டு எழுதி லொறிக்கு ஆள் அனுப்பினார். அன்று அவர் எதிலும் குறை வைத்ததாகச் சொல்ல மாட்டேன். லொறி வர முன்பே குழாயைக் காதிலிருந்து கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"காலமை என்னடா செய்துகொண்டிருந்தனீ?"

"பீலிக்கு நடந்துச்சுங்க ஐயா" என்றேன்.

"என்ன விசர்க்கதை இது?"

மச்சான்தான் சொன்னார், நடந்து வந்தால் துண்டு இல்லை என்று ஐயா சொல்லியிருக்கிறீர்களே என்று. அவர் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே விளங்காமல் பார்த்தார்.

"நான் எப்பயடா அப்பிடிச் சொன்னனான்?"

அவருக்கு ஞாபகமே இல்லை. வாங்கில் இருந்தவர்களைச் சிரிக்க வைக்க ஒரு நாள் சொன்ன பகிடி. அதை எடுத்துப்போய், அதற்கு ஓர் அளவுகோலும் செய்து, வருடக்கணக்காக நாங்களே அளந்துகொண்டிருந்தோம். அவரை வெறுப்பது எனக்கு வசதியாக இருந்திருக்கும். அந்த வசதியையும் அவர் தரவில்லை.

அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு, காலில் புண் வைத்து மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அடுத்த கட்டிலில் இழுப்பு வருத்தத்தோடு ஒரு முஸ்லிம் கடைக்காரர். அவருடைய மனைவியிடம் சிங்கள நர்ஸ் ஒருவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பேசச் சொல்லிப் பாக்கணும். ஒரு வசனம் முழுசா சொல்ல ஏலாட்டி, உடனே கொண்டு வாங்க. சத்தம் நின்டா நல்லம்னு நினைக்க வேணாம். காத்து போகல்ல, அதான் சத்தம் இல்ல."

"அல்லாவே. நாங்க சத்தம் கொறஞ்சா, உறங்கட்டும்னு உடுறதுதானே மிஸ்" என்றார் அந்தப் பெண்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் விளங்கும் நாலு வசனம். மலையில் ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்த நர்ஸ் கட்டுப் போட வந்தார். என் வாழ்க்கையில் அதிகாரம் உள்ள ஒருவரிடம் நானாக ஒரு கேள்வி கேட்டது அன்றுதான்.

"மிஸ், நடக்க முடிஞ்சா இழுப்பு கடுமையில்லதானேங்க?"

"அப்பிடி இல்ல. சில ஆக்கள் கடைசி வரைக்கும் நடப்பாங்க" என்றார். "யாருக்கு?"

"தெரிஞ்ச ஒரு ஆளுக்குங்க" என்றேன்.

ஊருக்கு வந்ததும் மச்சானிடம் போனேன். அவருக்கு வயதாகியிருந்தது, வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன், அன்று அவர் 'அடங்கிருச்சி' என்ற சத்தம் எதனால் அடங்கியது என்பதையும் சேர்த்து. இனி லயத்தில் யாருக்கும் அப்படி நடக்கக்கூடாது என்பதற்காகச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

அவர் தீட்டுவதை நிறுத்தினார்.

"இத ஏன் மச்சான் எங்கிட்ட சொல்ற? நானும் சேந்துதானே தூக்குனேன்" என்றார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். நானும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை.