மச்சான்மாரின் லேசர் பற்றரிகள்

கை லேசரைத் திருத்துவது என்றால் பெரும்பாலும் அதன் பற்றரியைத் திருத்துவதுதான். லேசர் பாவம், ஒரு குற்றமும் செய்திருக்காது. கண்டியில் ரேடியோவும் டோர்ச்சும் திருத்திக்கொண்டிருந்த என்னிடம் இந்தச் சாமான் வந்து சேர்ந்ததற்குக் காரணம் குரங்குகள். பழத்தோட்டம் வைத்திருப்பவர்கள் பட்டாசு கொளுத்தி அலுத்துப்போய், பழைய டோர்ச் கூட்டுக்குள் பச்சை லேசரை வைத்துத் தாங்களே ஒன்றைச் செய்துகொள்கிறார்கள். விடியற்காலையில் மரத்தில் பச்சைப் புள்ளி ஓடினால் குரங்குக் கூட்டம் இடம் மாறிவிடும். கண்ணில் மட்டும் அடிக்காதீர்கள், குரங்கின் கண்ணானாலும் கண்தான், இலையில் அடியுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவேன். திருத்துகிற தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததா, நாம் சொல்வதில் பாதிதான் அவர்கள் காதில் ஏறும்.

சும்மா இருந்தால் முழு வோல்ட்

முதலில் வந்தவர் அலவத்துகொடை ஊர் பளீல் அண்ணன், எங்கள் பக்கத்துப் பேச்சில் பளீல் நானா. ரம்புட்டான் தோட்டக்காரர். அவருடைய லேசர் பொத்தானை அமத்தியதும் பளிச்சென்று எரியும், உடனே செத்துப்போகும். உள்ளே இருந்தது பழைய லெப்டொப்பிலிருந்து உருவிய பற்றரி. மீற்றரை வைத்தால் முழு வோல்ட் காட்டியது. "பாத்தீங்களா, பற்றரியில பிழையில்ல" என்று நானா நிமிர்ந்து உட்கார்ந்தார். லேசரை எரியவிட்டு மறுபடி அளந்தேன். முள் கீழே விழுந்தது.

வயதுபோன பற்றரியைச் சும்மா வைத்து அளந்தால் அப்படித்தான் ஏமாற்றும், வேலை கொடுத்து அளக்க வேண்டும் என்றேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. பக்கத்துத் தோட்டம் அவருடைய தங்கச்சி மாப்பிள்ளை நவாஸுடையது. நடுவில் ஒரு வேலி, வேலியில் ஒரு கதவு. நானா சொன்னார்: "இது எங்கட நவாஸ் மாதிரித்தான். சும்மா ஈக்கிற நேரம் சிங்கம், வேலையெண்டு வந்தா படுத்திடுவான்."

கனமில்லாத பற்றரி

நல்ல பற்றரி போட்டுக் கொடுத்தேன். நானாவின் தோட்டத்திலிருந்து குரங்குகள் கிளம்பின. கிளம்பி எங்கே போகும்? வேலி தாண்டி நவாஸின் தோட்டத்துக்குப் போயின. கொஞ்ச நாளில் நவாஸும் ஒரு லேசர் செய்து எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஒரு காலைக்குக்கூடத் தாங்கவில்லை என்றார்.

அவருடைய பற்றரி புத்தம் புதியது, நீல உறையில் யாரும் நம்ப முடியாத பெரிய எண் அச்சடித்திருந்தது. கையில் எடுத்ததுமே எனக்குச் சந்தேகம். கனமே இல்லை. அவர் சம்மதத்தோடு உறையை வெட்டிப் பிரித்தேன். உள்ளே சின்னதாக ஒரு பற்றரி, மிச்ச இடம் முழுக்க வெள்ளை மாவு. நவாஸ் மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பொய்ப் பற்றரியெண்டு எனக்கே தெரியல்ல, குரங்குக்கு எப்பிடித் தெரிஞ்ச?"

ஒரு தரம் எரிந்தது

அதற்குப் பிறகு எனக்குப் பெரிய தொல்லை. இவர் வந்தால் அவருடைய பற்றரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்பார், அவர் வந்தால் இவருடையதைக் கேட்பார். நான் பேச்சை மாற்றி அனுப்பிவிடுவேன். நவாஸ் பொறுக்க முடியாமல், இரண்டு பற்றரியை வரிசையாகப் போட்டுத் தரச் சொன்னார். வோல்ட் இரட்டிக்கும், லேசர் கருகிவிடும், மாட்டேன் என்றேன்.

வீட்டுக்குப் போய் அவரே பீ.வீ.சீ. குழாய்த் துண்டை ஒட்டி நீளமாக்கி, இரண்டு பற்றரியும் போட்டிருக்கிறார். அடுத்த கிழமை கருகிய லேசரை மேசையில் வைத்தார். நான் திட்ட வாயெடுத்தேன். அவர் முகத்திலோ கொஞ்சமும் கவலை இல்லை. "ஒரே ஒரு தரம்தான் எரிஞ்ச. அந்த ஒரு தரத்த மச்சான் பாத்துட்டார், அது போதும்."

பச்சை விளக்கும் எறும்பும்

நானாவின் சார்ஜரில் எப்போதும் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை எரிந்தால் நிறைந்துவிட்டது என்று நம்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், லேசர் எரியவில்லை. கழற்றிப் பார்த்தேன். உள்ளே எறும்புக் கூடு. பற்றரி தொடுகிற தகடெல்லாம் மண். பற்றரியே போடாவிட்டாலும் அந்த விளக்கு பச்சையாகத்தான் எரியும்.

அதற்குள், நவாஸின் திருத்திய லேசருக்குப் பயந்து வேலி தாண்டி வந்த குரங்குகள் பழுத்த ரம்புட்டான் முழுவதையும் தின்றுவிட்டன. எல்லாம் நவாஸின் வேலை என்று நானா வேலிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தார். எறும்புக்கு நவாஸ் என்ன செய்வார் என்று கேட்டுவிட்டேன். "குரங்க அனுப்பினவனுக்கு எறும்ப அனுப்ப ஏலாதா?"

ஒரு சார்ஜர்

பிறகு வந்தவர் ரம்ஸியா, நானாவின் தங்கச்சி, நவாஸின் மனைவி. ஒரே பைக்குள் இரண்டு லேசரும் இரண்டு சார்ஜரும். நானாவுடையதை நானாவின் மனைவி வேலிக்கு மேலால் கொடுத்தாராம். "நான் பொறந்த ஊடு அது. இப்ப ரோட்டால சுத்திப் போனாலும் நானா முகம் குடுக்கிறதில்ல. நோன்பு வருது, கஞ்சிய நான் யாருக்குக் குடுத்தனுப்புற?" என்றார். அதுவரை இதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. அன்றைக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இரண்டு லேசரையும் சரியாக்கினேன். எறும்பு புகுந்த சார்ஜர் குப்பைக்குத்தான். நவாஸுடையது அதைவிட மோசம். பழைய ஃபோன் சார்ஜரை வெட்டி ஒட்டியது, நிறைந்த பிறகும் நிற்காமல் ஏற்றும், வீடே பற்றிக்கொள்ளலாம். இரண்டையும் வீசிவிட்டு ஆளுக்கொரு புதுச் சார்ஜர் எடுத்தேன். ரம்ஸியா இரண்டையும் தள்ளி வைத்தார். இரண்டு பற்றரி ஒன்றாகப் போடக்கூடியதாக ஒன்றே ஒன்று கேட்டார். "அது எங்கட ஊட்டுலயே ஈக்கட்டும். நானாக்குப் பற்றரி வேணுமெண்டா கதவத் தொறந்துகொண்டு வரட்டும்."

மெதுவாக ஏறுவது

நோன்பு முடிந்து பளீல் நானா வந்தார். கதவு திறந்துவிட்டதா என்று கேட்கவே பயமாக இருந்தது. அவராகவே சொன்னார், இப்போது காலையில் இரண்டு பேரும் பேசிவைத்து ஒரே நேரத்தில் அடிக்கிறார்களாம், குரங்குகள் மேலே காட்டுப் பக்கம் ஏறிவிட்டனவாம். சார்ஜ் போடத் தினமும் நவாஸ் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாராம்.

இந்த வயதில் அவரை அலைய வைக்கிறோமே என்று, தட்டிலிருந்து ஒரு வேகச் சார்ஜரை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வேணாம் தம்பி. தங்கச்சி தேத்தண்ணி ஊத்தி, நாங்க கதைக்கத் தொடங்கின ஒடனே விளக்கு பச்சையாகிடுது. இதவிட மெதுவா ஏறுற சார்ஜர் ஒண்டு ஈக்கா?"

அந்த இரண்டு பற்றரியும் அதன்பிறகு பழுதாகவே இல்லை, எல்லாருக்கும் சந்தோஷம், எனக்குத்தான் இரண்டு நல்ல வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள்.