ஆழம் நாற்பது மில்லிமீட்டர்

சாலை மேற்பார்வையாளர் சிரிக்காமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. மழையில் தொப்பலாக நனைந்தாலும் சிரிப்பு, மேலதிகாரி வாங்கு வாங்கென்று வாங்கினாலும் சிரிப்பு. அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய செய்தியைக் கைதவறிச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

"டிப்ரெஷன். மூணு வாரமா இருக்கு. நாளுக்கு நாள் ஆழமாகுது. உடனே கவனிக்கணும்."

போனைப் பைக்குள் திணித்துவிட்டு, அந்த வாரம் வேலை நடந்துகொண்டிருந்த பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே சாலையில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

அரை மணி நேரத்தில் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பின்னாலேயே பைக்கில் அவள் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். துடைக்கும் துணி இன்னும் கையிலேயே இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இப்படி நடுரோட்டுல வந்து உக்காந்திருக்கீங்களே!"

அவர் திருதிருவென்று விழித்தார். போனை எடுத்துப் பார்த்தார். நாற்பத்தொரு பதில்கள். பெரியப்பா தினமும் நடக்கச் சொல்லியிருந்தார்.

"அடியே, டிப்ரெஷன் எனக்கில்ல, ரோட்டுக்கு!" சாலைமேல் அளவெடுக்கக் கிடத்தியிருந்த நீளமான அலுமினியச் சட்டத்தைக் காட்டினார். அதற்கடியில் தரை லேசாக உள்வாங்கியிருந்தது. "விளிம்பு உடைஞ்சு தார் பேர்ந்தா அது பாட்ஹோல். உடையாம, கீறாம அப்படியே அமுங்கினா எங்க வேலையில அதுக்கு டிப்ரெஷன்னு பேரு. சும்மா பார்த்தா தெரியாது. தண்ணி நின்னாதான் தெரியும்."

"ஆழம் எவ்வளவு?" என்றாள் மனைவி.

"நாப்பது மில்லிமீட்டர்."

"இதுக்கா நான் வழியெல்லாம் அழுதேன்!" கைப்பையால் அவர் தோளில் ஒன்று போட்டுவிட்டு அவளும் சிரித்தாள்.

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "எனக்குதான் இருக்கு மாமா," என்றான் மெதுவாக. "ரெண்டு மாசமா. உங்களுக்கே வந்துடுச்சுன்னா நான் யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னுதான் பதறி ஓடி வந்தேன்."

மேற்பார்வையாளர் சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். மூவரும் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார்கள். அவன் பேசினான், இவர்கள் குறுக்கே பேசவில்லை.

வியாழக்கிழமை மருத்துவரிடம் மூவருமாகப் போனார்கள். காத்திருந்த நேரத்தில் மேற்பார்வையாளர் ரோட்டுக் கதைகளாகச் சொல்லி, நர்ஸிடம் இரண்டு முறை திட்டு வாங்கினார்.

மாத்திரை, பேச்சு, தினமும் ஒரு போன் என்று இரண்டு மாதம் ஓடியது. ஒரு மத்தியானம் தம்பியே கூப்பிட்டான்.

"மாமா, புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போன ஒருத்தர் எதிர்வாசலைப் பார்த்து அசந்துட்டாராம். இத்தனை நாளா எதிர்வீட்டுக்காரர்னு நினைச்சு தண்ணித் தொட்டிக்கு வணக்கம் சொல்லிட்டிருந்தாராம்!"

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.