எதிர்க்கரையில் சாக்கு தைத்த சித்தி

மலாக்கா ஆற்றங்கரையில் எங்கள் மளிகைக் கடையின் பின்கதவைத் திறந்தால் நேரே படித்துறை. தொங்கான் படகுகள் அங்கேதான் அரிசி மூட்டைகளை இறக்கும். கருவாடும் மிளகும் சேறும் கலந்த வாடை வீட்டுக்குள்ளேயே நிற்கும். வெள்ளைக்காரன் மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தில் ஒரு காலை அந்தக் கதவருகே செருப்பில்லாமல் வந்து நின்றாள் என் சித்தி, அம்மாவின் தங்கை.

அப்போது ரப்பர் தோட்டத்து மக்களைக் கம்பி வேலிக்குள் குடிவைத்திருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். சித்தப்பாவுக்கு வயிற்றுப்புண். வெறும் வயிற்றோடு பால்மரம் வெட்ட முடியாமல், சோற்றை இலையில் மடித்து இடுப்பில் செருகியிருக்கிறார். வாசல் சோதனையில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சித்தி அப்பாவிடம் கேட்டது ஒன்றுதான். "அவரு பசிக்குத்தான் எடுத்துட்டுப் போனாரு மச்சான். டவுன்ல நாலு பேருக்குத் தெரிஞ்சவரு நீங்க. அவரு நல்ல மனுசன்னு ஸ்டேசன்ல ஒரு வார்த்த சொல்லுங்க."

அப்பா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "என்னையும் சந்தேகப்படுவான்லா. அரிசி லைசென்ஸ் போச்சுன்னா கடையே போச்சு."

அம்மா அழுதாள், கெஞ்சினாள். அவர் போகவில்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அதைப் புத்திசாலித்தனம் என்றார்கள். அந்தக் கரையின் குணமே அதுதான். எவன் கொடி பறந்தாலும் கடை திறந்திருக்க வேண்டும்.

மலாயாவிலேயே பிறந்த சித்தப்பாவை, அவர் கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். பிறகு ஒரு சேதியும் இல்லை.

சித்தி தோட்டத்துக்குத் திரும்பவில்லை. எங்கள் வீட்டுச் சோற்றையும் தொடவில்லை. எதிர்க்கரைக் கிடங்கில் சாக்கு தைக்கும் வேலையில் சேர்ந்தாள். எங்கள் படித்துறைக்கு நேர் எதிரே உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் தைப்பாள். அப்பா பின்கதவை அடைத்தே வைக்கச் சொல்லிவிட்டார்.

இன்று அந்தக் கிடங்கு தங்கும் விடுதி. கரையோரச் சுவரெல்லாம் சித்திரம். ஆற்றில் சுற்றுலாப் படகு. அந்தக் கால வணிகர்களின் பெருமையை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு நாக்கு கசக்கிறது.

அவசரகாலம் முடிவதற்குள்ளேயே அப்பா போய்ச் சேர்ந்தார். கடைசிவரை கடை அவர் கையில்தான் இருந்தது. பிணத்தைத் தூக்குமுன் சித்தி ஆற்றைக் கடந்து வந்தாள். வாய்க்கரிசி போடச் சொல்லி யாரோ தட்டை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"தொறக்க வேண்டிய அன்னிக்குத் தொறக்கல இந்த வாய்," என்றாள் மெதுவாக.

தட்டை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.