பக்கத்து வீட்டு மீற்றர்

மின்சார ஸ்கூட்டர் வாங்கியது பெற்றோல் காசை மிச்சம் பிடிக்கத்தான். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. அதை எங்கே சார்ஜ் பண்ணினேன் என்பதில்தான் வெட்கம். நான் செய்ததை இந்த ஒழுங்கையில் பாதிப்பேர் அறிவார்கள். மீதிப்பேர் அரைகுறையாக அறிவதைவிட நானே எழுதிவிடுவது நல்லது.

முப்பது வருடத்துக்கு மேல் பௌதிகம் படிப்பித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் மல்லாவியிலும் மாங்குளத்திலும் தனியார் வகுப்பு எடுக்கிறேன். பெற்றோல் தட்டுப்பாடு வந்த காலத்தில் மோட்டார் சைக்கிளோடு இரண்டு நாள் வரிசையில் நின்று, இரவு கடை வாசலில் படுத்து, கடைசியில் வெறும் தாங்கியோடு உருட்டிக்கொண்டு வீடு வந்தேன். அந்தக் கோபம் மனதில் இருந்தது. நிறுத்தி வைத்திருந்த வண்டி இறக்குமதி மறுபடி தொடங்கியதும் மோட்டார் சைக்கிளை விற்று, மேலே கொஞ்சம் போட்டு, ஒரு மின்சார ஸ்கூட்டர் எடுத்தேன்.

எடுத்த நாளிலிருந்து கண்ட இடமெல்லாம் அதைப் பற்றித்தான் கதை. பற்றரியை முழுக்க வற்றவிடக் கூடாது, முழுக்க நிரப்பவும் கூடாது. இந்த வெயிலில் ஓடி வந்தவுடனே பிளக்கைச் செருகக் கூடாது, ஒரு மணித்தியாலம் நிழலில் ஆறவிட வேண்டும். சில்லுக்குக் காற்று சரியாக இருந்தால் அதே சார்ஜில் இன்னும் சில மைல் போகலாம். தேத்தண்ணிக் கடையில் இதையெல்லாம் விளக்கினால் கடைக்காரர் கேட்பார்: "சேர், மழைக்குள்ள போனா உங்களுக்குக் கறண்ட் அடிக்காதோ?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு மழைநீரும் மின்காப்பும் பற்றித் தொடங்குவேன். அதற்குள் பாதிப்பேர் எழும்பிப் போய்விடுவார்கள்.

முதல் மாத மின்பட்டியல் வந்தபோதுதான் என் சிரிப்பு நின்றது.

எங்கள் நாட்டு மின்கட்டணம் படி படியானது. மாதம் முப்பது அலகுக்குள் எரிப்பவருக்கு மிகக் குறைந்த விலை. அறுபதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை கூடும். அதற்குமேல் ஏறஏற இன்னும் கூடும். எங்கள் வீட்டில் கிணற்று மோட்டர், குளிர்சாதனப் பெட்டி, மனைவியின் அரைக்கும் மெஷின் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே மேல் படியில்தான் நின்றோம். ஸ்கூட்டர் குடித்த ஒவ்வொரு அலகும் அந்த உச்ச விலையில் விழுந்தது. பெற்றோலோடு ஒப்பிட்டால் அப்போதும் லாபம்தான். ஆனால் நான் ஊருக்குச் சொல்லித் திரிந்த அளவு லாபம் இல்லை. அது என்னைக் குடைந்தது.

எங்கள் வளவுக்குக் கிழக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம். அந்த வீட்டுக்காரியின் தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து இனக்கலவரத்தில் அடிபட்டு இங்கே வந்தவர்கள். அவள் பிறந்தது வன்னியில். இருந்தாலும் ஒழுங்கையில் அவர்களை இன்றைக்கும் "மலைநாட்டு ஆக்கள்" என்றுதான் சொல்வோம். கணவன் நெல்மூட்டை ஏற்றும்போது லொறியிலிருந்து விழுந்து முதுகு போனவன். பாரம் தூக்க முடியாது. அவள் களை பிடுங்கவும் கச்சான் கடலை ஆயவும் போவாள். ஒரே மகள், உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கும் உதவிப் பணம் அவர்களுக்கு வந்தது. மகளின் படிப்பு அந்தப் பணத்தில்தான் ஓடியது.

மின்பட்டியல் வந்தால் அவள் அதை என்னிடம் கொண்டுவருவாள். "சேர், எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்க" என்பாள். அதனால் அவர்களுடைய அலகு எனக்குத் தெரியும். இருபத்தைந்து, இருபத்தெட்டு. இரண்டு மின்குமிழ், ஒரு காற்றாடி, எப்போதாவது தொலைக்காட்சி. மலிவான அலகுகள் அங்கே சும்மா கிடக்கின்றன என்று எனக்குப் பட்டது. அறுபது வரைக்கும் இடம் இருக்கிறதே.

ஒருநாள் வேலியடியில் நின்று அவளிடம் கேட்டேன்.

"பிள்ளை, உங்கட வீட்டில இருந்து ஒரு வயர் இழுக்கட்டோ? ஸ்கூட்டருக்கு. பில் முழுக்க நான் கட்டுறன், உங்கட லைற்றுக்கும் சேர்த்து."

"பில்லெல்லாம் எதுக்கு சேர்? நீங்க எடுத்துக்குங்க."

உள்ளேயிருந்து கணவன் சொன்னான்: "சேர் கேட்டு நாம இல்லைன்னு சொல்லுவோமா?"

அந்தப் பதிலில் நான் மகிழ்ந்தேன். மேற்குப் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தனியாக இருக்கிறார். அவருடைய பட்டியலும் சின்னதுதான். அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சட்டம் கேட்பார், காரணம் கேட்பார், இல்லை என்றும் சொல்வார். கிழக்குப் பக்கம் இல்லை என்று சொல்லாது. இதை அப்போது நான் இவ்வளவு தெளிவாக நினைக்கவில்லை. ஆனால் கால்கள் எந்த வேலிக்குப் போவது என்று தெரிந்துதான் போயின.

அவர்கள் சுவரில் என் செலவில் நல்ல பிளக் ஒன்று பூட்டுவித்தேன். வயரை வேலிக்குள்ளால் என் கொட்டகைக்கு எடுத்தேன். பின்னேரத்தில் "பிள்ளை, சுவிச்சைப் போடு" என்று கூப்பிட்டால் மகள் போடுவாள். பட்டியல் வந்ததும் நேரே என்னிடம் வரும், நான் கட்டிவிடுவேன். அவர்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. நான் ஒரு குடும்பத்துக்கு உதவி செய்துகொண்டே என் காசையும் மிச்சம் பிடிக்கிறேன் என்று உண்மையாகவே நம்பினேன்.

மனைவி நம்பவில்லை.

"ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுற ஆள், களவாய் வயர் இழுத்து வைச்சிருக்கிறார்."

"களவோ? அவையின்ர சம்மதத்தோட, பில்லும் கட்டித்தானே எடுக்கிறன்."

"அப்ப ஏனப்பா அதுக்கு மேல கிடுகு போட்டு மூடி வைச்சிருக்கிறியள்?"

மழைக்கு என்றேன். அது மாசி மாதம். மழை பெய்து கிழமைக்கணக்கு.

பரீட்சைக் காலத்தில் வகுப்புகள் கூடின. ஸ்கூட்டரும் கூட ஓடியது. அவர்களுடைய மீற்றர் அறுபதைத் தாண்டி, ஒரு மாதம் எழுபத்தாறில் நின்றது. முழு விலையும் ஏறியது. அப்போதும் என் வீட்டுப் படியைவிட மலிவுதான். கட்டினேன்.

உதவிப் பணத்துக்கான குடும்பங்களை மறுபடி பதிய அலுவலர்கள் வந்தது அந்த மாதங்களில்தான். கிழக்கு வீட்டுக்காரி வேலியடிக்கு ஓடி வந்தாள்.

"சேர், கணக்கெடுக்க வந்திருக்காங்க. கரண்டு பில்லு கேக்குறாங்க. கடைசி மூணு மாசம்."

பட்டியல்கள் என் மேசை லாச்சியில் இருந்தன. எடுக்கும்போதே எனக்கு விளங்கியது. எத்தனை அலகு எரிக்கிறார்கள் என்பதும் அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி. எழுபத்தாறு அலகு எரிக்கும் வீடு வறிய வீடு இல்லை. நான் வேலியைத் தாண்டிப் போய், இது என்னுடைய ஸ்கூட்டர் என்று வந்திருந்த இளம் அலுவலரிடம் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அலுவலர்கள் அந்த வீட்டு வாசலில் கதிரை போட்டுத்தான் இருந்தார்கள். சொன்னால் வயர் விஷயம் வெளிவரும். ஒரு வீட்டு இணைப்பிலிருந்து இன்னொரு வீட்டுக்கு எடுப்பது பிழை என்று எனக்குத் தெரியும். அத்தனை கேள்விகளில் ஒரு கேள்வி எவ்வளவு பாரம் காட்டப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மூன்று தாள்களையும் அவள் கையில் கொடுத்தேன்.

உதவி பெறுவோரின் பெயர்ப் பட்டியல் ஒட்டியபோது அவர்களுடைய பெயர் அதில் இல்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். அவள் என்னிடம்தான் வந்தாள். ஒழுங்கையில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமானாலும் நான்தான். அன்று இரவு எழுதினேன். நல்ல தமிழில், மரியாதையாக, ஒரு பக்கம். மின்பாவனை கூடியதற்குக் காரணம், உறவினர் ஒருவர் கொடுத்த பழைய குளிர்சாதனப் பெட்டி என்றும், அது பழுதாகிவிட்டதால் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றும் எழுதினேன். அதை அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. "எல்லாம் சரியாய் எழுதியிருக்கிறன்" என்றேன். அவள் கையெழுத்து வைத்தாள்.

ஒரு மாதம் கழித்துப் பார்வையிட வந்த அலுவலர் அவளிடம் அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டார். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை என்று அவள் உள்ளதைச் சொன்னாள். அவர் கடிதத்தைக் காட்டினார். முறையீட்டில் சொன்னதும் நேரில் சொன்னதும் வேறு என்று எழுதிக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் அவள் வேலியடிக்கு வரவில்லை. கேற்றைத் திறந்து முன்வாசலால் வந்தாள்.

"சேர், இல்லாத பொட்டியை ஏன் எழுதினீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "உங்க வண்டின்னு எழுதியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே. அந்த ஐயா என்னைப் பொய்க்காரின்னு பாத்துட்டுப் போறாரு."

அவள் போன பிறகு மனைவி குசினி வாசலில் நின்று சொன்னாள்: "உங்கட எழுத்து வடிவுதான். அந்தப் பிள்ளை கார்மென்ற்ஸுக்குப் போகத் தொடங்கி ரெண்டு கிழமை. தெரியுமோ உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளாகப் பின்னேரத்தில் சுவிச்சைத் தாய்தான் போட்டாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. உதவிப் பணம் நின்றதும் மகள் படிப்பை விட்டு, கிளிநொச்சியில் உள்ள ஆடைத் தொழிற்சாலைக்குச் சேர்ந்திருந்தாள். காலை ஐந்து மணிக்குச் சந்தியில் பஸ் வரும்.

அடுத்த நாள் பிரதேச செயலகத்துக்குப் போனேன். உரிய மேசையில் ஒரு பெண் அலுவலர் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சேர், இப்பிடி வயர் இழுக்கிறது பிழை எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"கடிதத்தில பொய் எழுதினது?"

"நான்தான். அவாக்கு அதில என்ன இருக்கெண்டே தெரியாது."

"அதை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. மின்சாரக்காரருக்கும் இதின்ர பிரதி போகும், பரவாயில்லையோ?"

ஓம் என்றேன். எத்தனையோ கடிதம் எழுதியவன், அந்த அரைப் பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தேன். பிறகு மின்சாரக்காரர் வந்தார்கள், வயரைக் கழற்றினார்கள், எனக்குத் தண்டம் போட்டார்கள். கட்டினேன். தேத்தண்ணிக் கடையில் சில நாள் என்னைக் கண்டதும் கதை நின்றது. இப்போது ஸ்கூட்டரை என் வீட்டில்தான் சார்ஜ் பண்ணுகிறேன், என் வீட்டு விலையில்.

உதவிப் பணம் மறுபடி வர ஐந்து மாதம் ஆனது. இடையில் நின்ற மாதங்களுக்கு நான் தருகிறேன் என்று தாயிடம் சொன்னேன். அவள் வாங்கினாள். வேண்டாம் என்று சொல்லாதது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவளுக்கு அது தேவையாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு மகள் வேலை முடிந்து சந்தியில் இறங்கி நடந்து வந்தாள். நான் கேற்றடியில் நின்றேன்.

"பிள்ளை, இனிக் காசு வருகுது. திரும்பப் பள்ளிக்கூடம் போகலாம். விட்ட பாடம் எல்லாம் நான் சொல்லித்தாறன். ஒரு சதமும் வேண்டாம்."

அவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"சேர், நான் ஆர்ட்ஸ்."

"என்ன?"

"ஆர்ட்ஸ் படிச்சனான். தமிழ், புவியியல், அரசியல். எனக்குப் பௌதிகம் எதுக்கு?"

ஒன்றரை வருடம் பின்னேரத்தில் கூப்பிட்டுச் சுவிச்சைப் போடச் சொன்னவன் நான். என்ன படிக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்ப நான் என்ன செய்யலாம்?" என்றேன்.

"ஒண்டும் வேண்டாம் சேர். பள்ளிக்கூடத்தில பேர் வெட்டியாச்சு. பிரைவேற்றா எடுக்கப்போறன். சோதினை நாளுக்கு லீவு கேட்டிருக்கிறன்."

"லீவு தராட்டி?"

"தராட்டி வேலையை விடோணும். விட்டா வீட்டில கஷ்டம்." அதைச் சொல்லிவிட்டு, நேரமாகுது என்று போய்விட்டாள்.

அவள் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டதாகத் தாய் போன கிழமை வேலிக்கு மேலால் என் மனைவிக்குச் சொல்லியிருக்கிறாள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது மேற்குப் பக்கத்து வங்கி அதிகாரி. லீவு இன்னும் கிடைக்கவில்லை.