செல்வராசு தோற்ற பந்தயம்

இன்று காலை, விருத்தாசலம் செராமிக் பேட்டை எதிரே டீக்கடை.

ஷிப்ட் முடிந்து செல்வராசும் முருகேசனும் சீட்டுக்கட்டோடு என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சூளையைப் பார்த்துக்கொள்வது முருகேசன் முறை. அன்றுதான் அவர் மகளுக்குக் காதுகுத்து.

“நான் வேணா பாத்துக்கறேன்” என்றார் செல்வராசு.

“யார் தயவும் வேணாம்ப்பா.”

“அப்ப பந்தயம். நான் தோத்தா சூளைக்கு நான் வரேன். நீ தோத்தா ஒரு வாரம் டீ செலவு உன்னுது.”

போன மாதம் செல்வராசின் இதே சீட்டு வித்தையில் நானும் தோற்றேன். நாம் எடுத்துப் பார்த்த சீட்டைக் கட்டில் சொருகிவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து மேசையில் போடுவார். நம் சீட்டைத் தவறவிட்டவர்போல் தாண்டிப் போவார். “அடுத்து நான் திருப்பறது உன் சீட்டுதான்” என்பார். கட்டிலிருந்து எடுப்பார் என்று நம்பிப் பந்தயம் கட்டினால், மேசையில் கிடக்கும் நம் சீட்டைக் குப்புறத் திருப்பிவிடுவார்.

இன்று முருகேசனின் விரலில் இருந்த களிமண், மேசையில் கிடந்த டைமண்ட் ஏழின் சிவப்பின் மேல் வெள்ளையாகப் பதிந்திருந்தது. எனக்கே தெரிந்தது.

செல்வராசின் கை அதன் அருகே போய் நின்றது. பிறகு கட்டிலிருந்து ஒன்றைத் திருப்பினார். கிளாவர் ராஜா.

“தோத்துட்டேன். காதுகுத்துக்குப் போ.”

“மொதல்ல வித்தைய ஒழுங்கா கத்துக்க” என்று சிரித்தபடி முருகேசன் கிளம்பினார்.

“அந்த வெள்ளைக் கறை தெரியலையா?” என்று கேட்டேன்.

“கண்ணு சரியில்லீங்க சார். அதோ சேத்தியாத்தோப்பு பஸ்ஸு வருது, போயிட்டு வரேன்.”

அந்த பஸ்ஸின் பலகையை என்னால் இன்னும் படிக்க முடியவில்லை. யாருக்குக் கண் சரியில்லை என்று நீங்களே சொல்லுங்கள்.