முப்பத்தொன்றாம் டோக்கன்

வீட்டில் அவள் சின்னவள். வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கத்தில் அவளுக்கு டோக்கன் என்று பெயர். செயலாளராக வந்த முதல் மாதமே பழைய அட்டைப்பெட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டி, எண் எழுதி, வாசலில் வைத்துவிட்டாள். வந்த வரிசைப்படி ஆளுக்கு ஒன்று. தன் எண் வரும்வரை யாரும் எழுந்து பேசக் கூடாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான். காலையில் மூன்று வீட்டுக்குச் சமைத்துவிட்டு, மாலையில் நாற்பது பேரைக் கட்டி மேய்ப்பாள்.

ஒரு முறை, மாதக் கடைசிக்குள் சங்கம் தான் கூடும் அறையைக் காலி செய்ய வேண்டி வந்தது. கட்டடத்தை விற்றுவிட்டார்கள். வேறு இடம் அமையாவிட்டால் சங்கம் ஆளுக்கொரு திசை. அப்போதுதான் ஒரு மாலைக் கூட்டத்துக்குப் பங்களா அம்மா வந்தார். எளியவர்களின் உரிமைக்காக மேடை மேடையாகப் பேசுகிறவர். தன் கட்டடத்தின் கீழ்த்தளத்தை இலவசமாகத் தருவதாக ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தார்.

வந்ததும் வராததுமாக மேசைப் பக்கம் நடந்தார். சின்னவள் ஓர் அட்டையை நீட்டினாள். முப்பத்தொன்று.

“பத்து நிமிஷம்தாம்மா இருக்கு. ரெண்டு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பிடறேன்.”

“உக்காருங்கம்மா. இப்பத்தான் ஒன்பதாம் நம்பர் ஓடுது.”

பொருளாளர் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். “ஏண்டி, இடம் குடுக்க வந்தவங்களையே வரிசையில நிறுத்துறியே, கிறுக்கா உனக்கு?”

“நீ பதினெட்டு. அப்பச் சொல்லு.”

பதினான்காம் எண்ணுக்குரியவள் அந்த அம்மா வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள். எழுந்தவள் முதலாளியைப் பார்த்ததும் மறுபடி உட்காரப் போனாள்.

“உன் நம்பர்தான்க்கா. கூசாம சொல்லு” என்றாள் சின்னவள்.

“ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமை லீவு கேக்கறேன். அன்னைக்குத்தான் அம்மா ஊருக்கு நல்லது பண்ணப் போறாங்களாம். வீட்டுக்கு ஆள் வேணுமாம்.”

பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரிக்க, அறை முழுவதும் தொற்றிக்கொண்டது. அம்மாவின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் எழுந்து போகவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் முறை வந்தது.

“இடம் தர்றேன்னு சொல்ல வந்தேன். இப்ப என்ன பேசறதுன்னே தெரியலை.”

சின்னவள் தலையாட்டினால் போதும், இடம் கையில்.

“இடம் இருக்கட்டும்மா. முதல்ல அக்காவுக்கு ஞாயித்துக்கிழமையைக் குடுங்க. இடத்துக்கு நாங்க வாடகை பேசித்தான் வருவோம்.”

“சும்மாவே தர்றேன்னேனே?”

“சும்மா குடுத்த இடத்துல உக்காந்துகிட்டு உங்க வீட்டு விஷயத்தை எப்படிம்மா பேசறது?”

அம்மா படியிறங்கிப் போனார். பொருளாளர் ஒரு வாரம் சின்னவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த கூட்டம் ஞாயிறு காலை, நூலகத்தின் வெளிப்படிக்கட்டில். இடத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு மணிக்குப் பாத்திரம் துலக்குகிறவள் ஆடி அசைந்து வந்தாள்.

“ஏன்க்கா லேட்டு?”

“தூங்கிட்டேன்” என்றாள் அவள், பெருமையாக.

பொருளாளர் சிரிப்பை அடக்க முடியாமல் நகர்ந்து உட்கார்ந்தாள்.