எஃப் எட்டுக்கு வைத்த சந்தனம்

சென்ற மாதம் அக்கா மகளின் மடிக்கணினி கறுத்த திரையோடு நின்றுவிட்டது. இதெல்லாம் நமக்குத் தெரியாத வித்தையா என்று, அதை அணைத்துப் போட்டுவிட்டு எஃப் எட்டு விசையைத் தட்டத் தொடங்கினேன். தட்டிக்கொண்டே இருந்தேன்.

"இன்னா மாமா, தவில் வாசிச்சிகினு இருக்கீங்க? இப்போ மிஷினெல்லாம் அவ்ளோ வேகம். நீங்க தட்டறதுக்குள்ள தாண்டிப் போயிடும்."

பிடுங்கிக்கொண்டாள். எங்கோ உள்ளே போய் ஒரு வரிக் கட்டளை அடித்தாள். அதன்பின் எஃப் எட்டைத் தட்டினால் பழைய கறுப்புப் பட்டியல் சமர்த்தாக வந்து நின்றது. "உங்களுக்காகத்தான். இனிமே தட்டினா வரும்."

பட்டியலைப் பார்த்ததும் எனக்குச் சந்தன வாசம் அடித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இவளுடைய அப்பா, அதாவது என் பாவா, திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையில் டி.டி.பி. கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காவடி நோட்டீஸ் எல்லாம் தமிழிலும் தெலுங்கிலும் அடித்துத் தருவோம். அடிப்பது நான். கணினி அடிக்கடி மூர்ச்சை போடும். அப்போது பழுது பார்ப்பதற்கென்று இருக்கும் சேஃப் மோடுக்குள் நுழைய எஃப் எட்டுதான் வாசல். இயந்திரம் கண் விழிக்கும்போதே தட்ட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் மறுபடி முதலிலிருந்து. பாவா என் தோளுக்குப் பின்னால் நின்று, "தட்றா மச்சான், தட்றா" என்பார். பட்டியல் வந்ததும் முதல் வரியில் எண்டர் அடித்து உள்ளே போய், கோளாறான மென்பொருளை நீக்குவேன். கணினி பிழைத்துக்கொள்ளும்.

அந்த விசைமேல் அவருக்குப் பக்தியே வந்துவிட்டது. சரஸ்வதி பூஜையன்று மானிட்டருக்கும் பிரிண்டருக்கும் சின்னப் பொட்டு வைத்தவர், எஃப் எட்டுக்கு மட்டும் சந்தனத்தைக் குழைத்து அப்பினார். "நம்மள காப்பாத்தறது இதான்." மறுநாள் குடும்பத்தோடு திருப்பதி போனார். கிருத்திகையன்றுதான் மறுபடி கடை திறந்தது. அது வெள்ளிக்கிழமை. நாள் கிழமையில் நான் கறார். அக்கா சனிக்கிழமை என்கிறாள். வீட்டில் அவள் கிழமைதான் செல்லும்.

ஆர்.கே.பேட்டையிலிருந்து முனிரத்தினம் வந்து காத்திருந்தார். மகள் கல்யாணம். முதல் பத்திரிகையைக் கிருத்திகையில் சாமி பாதத்தில் வைத்த பிறகுதான் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதாக வேண்டுதல். அடுத்த கிருத்திகைக்குள் கல்யாணமே முடிந்துவிடும். பத்திரிகை கணினிக்குள் தயாராக இருந்தது, அச்செடுப்பதுதான் பாக்கி.

பாவா கணினியைப் போட்டார். யாரும் தட்டாமலே கறுப்புப் பட்டியல் வந்தது. "பாத்தியா, பூஜை போட்டதும் தானா வருது!" என்று பூரித்தவர், நான் செய்வதைப் பார்த்த பழக்கத்தில் முதல் வரியிலேயே எண்டர் அடித்தார். எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு வந்தது. திரையின் நாலு மூலையிலும் சேஃப் மோட் என்று எழுதியிருந்தது. அந்த நிலையில் எங்கள் பிரிண்டர் அசையாது.

"நாலு மூலைலயும் இன்னா நைனா, மஞ்சளா?" என்றார் முனிரத்தினம். "பத்திரிகைக்கு வைக்கச் சொன்னா பொட்டிக்கு வச்சிருக்கே."

அணைத்துப் போட்டார் பாவா. மறுபடியும் அதேதான்.

"இதுவும் கிருத்திகை விரதமா? அங்க ஜனம் மலை ஏறிகினு இருக்குதுப்பா. என் பொண்ணு கல்யாணம்."

குரலில் கேலி தீர்ந்துவிட்டிருந்தது. நான் விசைப்பலகையைத் தடவினேன். எஃப் எட்டு அமுங்கியபடியே கிடந்தது. சந்தனம் சந்துக்குள் இறங்கிக் காய்ந்து அதை எழவிடாமல் பிடித்திருந்தது.

"பாவா, நீங்க ஊர்ல இல்லாதப்பகூட இத அமுக்கிகினே இருந்திருக்கீங்க."

ஊக்கால் விசையை நெம்பி எடுத்தேன். "பூஜைக்கு வச்சதுடா, கீழ போட்டுடாத" என்று, நான் சுரண்டிய சந்தனத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். கணினி ஒழுங்காக எழுந்தது. பத்திரிகை சூட்டோடு வெளியே வந்ததும் முனிரத்தினம் அதை மடிக்கக்கூட இல்லை. இரு கையிலும் பிடித்தபடி படிக்கட்டுப் பக்கம் ஓடினார். வெயில் இறங்கிய பிறகு திரும்பி வந்து, "வச்சாச்சு நைனா" என்று பாவா நெற்றியில் விபூதி பூசினார்.

இப்போது பத்திரிகைகள் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. ஆனாலும் சாமி பாதத்தில் கைப்பேசியை வைக்க முடியாதே. கிருத்திகை நாளில் யாராவது அந்தச் சாலையில் நின்று, எங்கள் கடையில் இப்போது விற்பனைக்குத் தொங்கும் கைப்பேசி உறைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கிறார்கள்.

"இங்க ஒரு பிரிண்ட் கடை இருந்துச்சே?"

"ஆங், இருந்துச்சுங்க" என்கிறேன்.